சிரித்தால் ஒரு டேக் போச்சு

எல்லோரும் அவரைச் 'சிக்கனம்' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். இருபது வருஷத்துக்கு மேல் சினிமாவில் தயாரிப்பு மேலாளராக இருந்தவருக்கு அது ஒரு பட்டம் மாதிரி. அடுத்தவர் பணத்தில் படம் எடுக்கிற இடத்தில், அந்தப் பணம் போகும்போது தன் பணம் போவதுபோல வலிக்கிற ஒருவராவது வேண்டும். அந்த வலிக்குத்தான் அவருக்குச் சம்பளம். கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. தேவையானதை வாங்க அவர் தயங்கியதில்லை. எது தேவை என்பதில்தான் மற்றவர்களோடு ஒத்துப்போகாது.

எந்தப் படத்தின் செலவையும் அவர் நூறு பங்காகவே நினைப்பார். நடிகர்களுக்கு முப்பது, சாப்பாட்டுக்கு ஆறு, வண்டிக்கு நான்கு. இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நம் வீட்டில் சோப்புக்கே இரண்டு பங்கு போகிறது என்று ஒருமுறை சொல்லப்போக, அழுக்காக இருந்தால் எத்தனை பங்கு மிச்சமாகும் என்று மனைவி கேட்டாள். அவள் தண்ணீர் வாரியத்தில் கட்டணக் கவுண்டரில் உட்காருகிறவள். கணக்கு பேசுகிற ஆட்களை நாள் முழுக்கப் பார்த்துச் சலித்தவள்.

ஐம்பது தாண்டிய பிறகு முதல்முறையாகத் தன் பொறுப்பில் ஒரு படம் எடுத்துத் தர அவர் ஒப்புக்கொண்டார். 'முதல் பிரதி' ஒப்பந்தம். பணம் போடுகிறவர் ஒரு தொகையைச் சொல்வார். அதற்குள் படத்தை முடித்து முதல் பிரதியைக் கையில் கொடுக்க வேண்டும். மிஞ்சினால் எடுத்தவருக்கு, மீறினால் அவர் தலையில். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது பணம் போட்டவர் பாடு. இங்கே பணம் போட்டவர் மூன்று கடை வைத்துத் தரை ஓடு விற்கும் டைல்ஸ்காரர். நான்கு தவணையாகத் தருவதாகவும், கடைசிக் கால்வாசியைப் பிரதி கைக்கு வந்ததும் தருவதாகவும் சொன்னார்.

அது வரும்வரை வேலையை நிறுத்தி வைக்க முடியாது. அடுக்குமாடியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாக மனைவி பெயரில் ஒரு வீடு இருந்தது. அதை வைத்துக் கடன் வாங்கினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் எல்லாப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள்.

"கடைசிக் கால்வாசி வரலைன்னா?"

"வரும்."

"வரலைன்னா என்னன்னு ஏழாவது பக்கத்துல போட்டிருக்கு. நீங்க அதைப் படிச்சீங்களான்னுதான் கேட்டேன்."

படித்திருந்தார். வீடு போகும் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

படத்தின் பெயர் 'பீரோ'. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் அப்பாவின் வீட்டை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் சாவிக்காக வாசலில் நிற்கிறார். உள்ளே இருக்கும் இரும்பு பீரோ வெளியே வர மறுக்கிறது. அதை உள்ளே வைத்த பிறகுதான் அப்பா வாசலைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார். ஒரே பகலில் நடக்கும் கதை. ஒரு வீடு, ஒரு பீரோ, ஐந்து நடிகர்கள். கேட்டதுமே சிக்கனத்துக்குப் பிடித்துப்போனது. கதை சிரிப்பாக இருக்கிறதா என்று அவர் யோசிக்கவில்லை. வீடு ஒன்றுதானே என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

இயக்குநர் அதற்கு முன் விளம்பரப் படங்கள் எடுத்த பெண். அளந்து பேசுவார். தம்பியாக நடித்தவர் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர், ஊரெல்லாம் 'மூக்கு' என்று சொன்னால் தெரியும். அவருக்கு நாள் கணக்கில் சம்பளம். படப்பிடிப்பு ஒரு நாள் கூடினால் நூறில் மூன்று பங்கு அவரோடு போய்விடும்.

சிக்கனம் செய்த முதல் காரியம், டப்பிங்கை வெட்டியது. வழக்கமாகப் படம் எடுத்து முடித்த பிறகு நடிகர்கள் ஒலிக்கூடத்துக்கு வந்து மறுபடி பேசிக் கொடுப்பார்கள். அதற்கு ஐந்து பங்கு ஆகும். நடிக்கும்போதே குரலைப் பதிந்துவிட்டால் அந்த ஐந்தும் மிச்சம். மனைவியின் தம்பி ஒலிப்பதிவாளன், குடும்பச் சம்பளத்துக்கு வரச் சம்மதித்தான்.

"மாமா, நேரடி ஒலின்னா செட்டுல ஈ பறக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"ஈயை நான் பாத்துக்கறேன், மாப்ள."

பார்த்துக்கொண்டார். டேக் தொடங்கும்போது மின்விசிறிகளை நிறுத்த ஒரு ஆள் போட்டார். பக்கத்துக் கடையின் குளிர்ப்பெட்டி உறுமியது. கடைக்காரரிடம் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். மேல்மாடிக் குடும்பம் எந்நேரமும் நாற்காலியை இழுத்தது. அவர்களுக்குத் தினமும் பகல்காட்சி டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தச் செலவுக்கு 'அமைதி' என்று தலைப்பு வைத்தார். அவர்கள் சாயங்காலம் திரும்பி வந்து, பார்த்த படம் ஏன் தேறாது என்று படியில் நின்று அவருக்கு விளக்குவார்கள். ஊரில் ஓடும் எந்தப் படமும் அவர்களுக்குத் தேறவில்லை.

ஈ, குளிர்ப்பெட்டி, நாற்காலி எல்லாவற்றையும் யோசித்தவர், சிரிப்பை யோசிக்கவில்லை. சிரிப்புப் படம் எடுக்கிற இடத்தில் ஆட்கள் சிரிப்பார்கள் என்பது இருபது வருஷ அனுபவத்தில் அவர் கணக்கில் வந்ததே இல்லை. முன்பெல்லாம் குரலைப் பிறகுதானே பதிந்தார்கள்; யார் சிரித்தாலும் பழுதில்லை. இப்போது மூக்கு பீரோவுக்குள் மாட்டிக்கொண்டு உள்ளிருந்தபடியே, விற்றுவிட்ட வீட்டுக்கே மறுபடி விலை பேரம் பேசும் காட்சியில், ஏணி மேலிருந்த விளக்குக்காரர் சிரித்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை ஒப்பனைக்காரர். அடுத்த தடவை, சிரிக்கக் கூடாது என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு வந்த உதவி இயக்குநரே சிரித்தார். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மச்சினன் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி விரித்துக் காட்டினான்.

முதல் வாரம் முடிவில் இரண்டு நாள் வேலை பின்தங்கியிருந்தது. இரண்டு நாள் என்றால் ஆறு பங்கு. ஐந்து மிச்சம் பிடிக்கப் போய் ஆறு போயிருந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் பால்கனியில் வெகுநேரம் நின்றார். கம்பிக் கைப்பிடியில் பெயிண்ட் உரிந்திருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னும் நம்முதுதான், சுரண்டாதீங்க என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டி ஒரு சட்டம் சொன்னார். "சிரிச்சா ஒரு டேக் போச்சு. டேக் போச்சுன்னா சிரிச்சவரோட பேட்டா போச்சு." பேட்டா என்பது சம்பளத்துக்கு மேல் அன்றன்றைக்குக் கையில் கொடுக்கும் பணம். மனிதர்கள் சம்பளத்தை இழந்தால்கூடத் தாங்கிக்கொள்வார்கள், அன்றன்று கைக்கு வருவதை இழக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சட்டம் வேலை செய்தது. ஒளிப்பதிவு உதவியாளர் வாடகை கேட்கும் வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துக்கொள்வாராம். விளக்குக்காரர் பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்வார், பாதியில் தப்பாகிவிடும், அந்தக் கவலையில் சிரிப்பு போய்விடும். ஒப்பனைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பத்து நாளில் அடக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது. அடக்கி அடக்கி, சிரிப்பு வருவது நின்றுவிட்டது. ஒரு பழக்கத்தைக் கட்டாயத்தில் தொடங்கினாலும் அது நாளடைவில் கட்டாயத்தை மறந்துவிட்டுத் தன் காலில் நிற்கப் பழகிவிடுகிறது. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று அது பார்ப்பதில்லை.

வேலை வேகமாக நடந்தது. பின்தங்கிய இரண்டு நாளில் ஒன்றை மீட்டாயிற்று. அப்போதுதான் மூக்கு கெட்டுப்போனார்.

வசனத்தைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. அடுத்த டேக்கில் குரலைக் கூட்டினார், அதற்கடுத்ததில் கண்ணை உருட்டினார், அதற்கும் அடுத்ததில் எழுதாத ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். இயக்குநர், முதல் தடவை செய்ததுபோலச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவை செய்தது எது என்று மூக்குக்கு மறந்துவிட்டது. அன்று பகல் முழுக்க ஒரே காட்சி.

கடைசியில் பீரோவிலிருந்து இறங்கி வந்து சிக்கனத்தின் எதிரில் நின்றார். வியர்வையில் ஒப்பனை வழிந்திருந்தது.

"அண்ணே, உங்க ஆளுங்க என்னை எழவு வீட்டுல பாக்கற மாதிரி பாக்கறாங்க. ஒருத்தராவது சிரிக்கலைன்னா, எங்க நிறுத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சட்டத்தைத் தளர்த்திப் பார்த்தார்கள். பேட்டா போகாது, தாராளமாகச் சிரியுங்கள் என்றார்கள். யாருக்கும் வரவில்லை. ஒன்றிரண்டு பேர் முயன்றார்கள், அது இருமல் போல இருந்தது. சத்தம் வராமல் சிரிக்க வேண்டும், மூக்கின் கண்ணில் படவும் வேண்டும். டேக் நடக்கும்போது கைவேலை இல்லாதவராகவும் இருக்க வேண்டும். விளக்கும் கேமராவும் பிடித்திருப்பவர்கள் குலுங்கினால் படம் குலுங்கும். இயக்குநர் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் அந்த நேரம் வேலையே இல்லாத ஒரே ஆளிடம் வந்தார்.

"சார், நீங்க நில்லுங்க. கேமராவுக்குப் பக்கத்துல."

இப்படித்தான் சிரிப்புக்கு அபராதம் போட்டவர் சிரிக்கிற வேலைக்கு வந்தார். முதல் நாள் காலையில் குளியலறைக் கண்ணாடியில் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி, பல்லு வலியா என்று கேட்டாள். வாயைத் திறக்காமல், தோளை மட்டும் குலுக்கி, கண்ணைச் சுருக்கி ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மூக்குக்கு அது போதுமானதாக இருந்தது. தோள் குலுங்கும் வரை காத்திருந்து அடுத்த வரிக்குப் போனார். எங்கே தோள் லேசாக மட்டும் அசைந்ததோ, அங்கே நடிப்பைச் சுருக்கிக்கொண்டார். ஒன்றிரண்டு டேக்கில் காட்சி முடிந்தது. மற்றவர்கள் சிரிக்காமல் கொண்டுபோன நாளை இந்தத் தோள் திருப்பித் தந்தது.

அது நிஜச் சிரிப்பா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் நிச்சயமாக நிஜமில்லை, தோள் வலித்தது அவருக்கு நினைவிருந்தது. பிறகு வலிக்கவில்லை. ஆனால் வலிக்காததெல்லாம் நிஜம் என்றும் சொல்ல முடியாது.

படம் முடிந்தது. நூறு பங்கு நூற்று மூன்றில் நின்றது. அந்த மூன்றை, வேறு கம்பெனிகளுக்கு மேலாளராகப் போய் அடைத்துவிடலாம் என்று இருந்தார். முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசிக் கால்வாசியைக் கேட்டார்.

வாங்குபவர்கள் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார் டைல்ஸ்காரர். வெளியூர்களில் படத்தை வாங்கி ஓட்டுகிற ஏழெட்டு விநியோகஸ்தர்களுக்காகச் சின்னத் திரையரங்கு ஒன்றில் காட்சி வைத்தார்கள். படம் நல்ல படமாக இருந்தால், வாங்க வந்தவர்கள் சிரிக்கவே மாட்டார்கள். சிரித்தால் விலை ஏறும். அது அவர்கள் தொழில் தர்மம். படம் மோசமாக இருந்தாலும் சிரிக்க மாட்டார்கள், அது வேறு காரணம். இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் டைல்ஸ்காரருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிக்கனத்துக்குத் தன் செட்டுக்குள்ளேயே மறுபடி வந்து நிற்பதுபோல இருந்தது.

தாங்காமல் வெளியே நடைபாதைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு விநியோகஸ்தர் வந்து அவரைக் கவனிக்காமல் கழிப்பறைக்குள் போனார். குழாயை முழுக்கத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. அடக்கி அடக்கி வருவது போல. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், படம் கொஞ்சம் நீளம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சிரித்தாரா, தும்மினாரா, அலைபேசியில் யாரோ ஏதோ சொன்னார்களா, சிக்கனத்தால் முடிவுசெய்ய முடியவில்லை.

அன்று யாரும் நல்ல விலை சொல்லவில்லை. மறுநாள் டைல்ஸ்காரர் கடைக்குக் கூப்பிட்டார். அடுக்கி வைத்த ஓடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினார்.

"நான் ஓடு விக்கிறவன். தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிடுவேன். இந்தப் படத்தைத் தட்டினா ஒரு சத்தமும் வரலையே."

படத்தைத் தானே வெளியிடப் போவதாகச் சொன்னார். இரண்டு வழி வைத்தார். கடைசிக் கால்வாசியைப் படத்திலேயே விட்டுவைத்தால், படம் தன் கைக்குக் கொண்டுவருவதில் நாலில் ஒரு பங்கு சிக்கனத்துக்கு. வேண்டாம் என்றால் இப்போதே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம், பிறகு ஒரு தொடர்பும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். விட்டுவைத்துப் படம் விழுந்தால் ஏழாவது பக்கம் காத்திருந்தது.

மச்சினன் வீட்டுக்கே வந்து வாதாடினான். விட்டுவைக்கச் சொன்னான்.

"படம் நிக்கும், மாமா. எனக்கு ஹெட்போன்ல கேட்டுச்சு. எல்லாரும் மூச்சைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. பிடிச்ச மூச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அது தூசியாக இருக்கும் என்றார் சிக்கனம். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்களே என்று அவன் கேட்டதற்கு, அதே வாரத்தில் தேநீர்த் தட்டு கவிழ்ந்ததற்கும் சிரித்தார்கள் என்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிப்பவர்களையும் காசு கொடுத்து உள்ளே வந்து சிரிப்பவர்களையும் ஒன்றாக எண்ண அவர் மனம் ஒப்பவில்லை. கழிப்பறையில் கேட்டதை அவர் சொல்லவில்லை.

மச்சினன் போன பிறகும் மனைவி எழுந்திருக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீடு அவளுடையது, அவள் ஏதாவது சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மத்தவங்க கிடக்கட்டும். கேமராவுக்குப் பக்கத்துல நின்னீங்களே. உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா?"

யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"தெரியல."

"தெரியலைன்னா பணத்தை வாங்கிட்டு வந்துடுங்க."

வாங்கிவிட்டு வந்தார். கடன் அடைந்தது. பத்திரம் திரும்பி வந்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் போனது.

'பீரோ' வெளியான முதல் மூன்று நாளும் அரங்குகளில் மூன்றில் ஒரு பங்கு இருக்கைதான் நிறைந்தது. நான்காவது நாளிலிருந்து கூட்டம் ஏறியது. அதற்குக் காரணம் படத்தின் சிறப்பு மட்டுமல்ல, அதன் குறையும்தான். செட்டில் சிரிப்புச் சத்தமே இல்லாமல் எடுத்ததால், வெட்டி ஒட்டும் மேசையில் சிரிப்புக்கென்று இடைவெளி விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒரு வரிக்கு அரங்கம் சிரித்தால் அடுத்த இரண்டு வரி அதில் மூழ்கிவிடும். அந்த இரண்டு வரியைக் கேட்க ஆட்கள் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். மறுபடியும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்தில் அரங்குகள் இரட்டிப்பாயின.

போட்ட நூறுக்குத் தொள்ளாயிரம் வசூல் என்று தெருவில் பேசினார்கள். வசூல் என்பது டிக்கெட் விற்ற பணம், கைக்கு வந்த பணம் அல்ல. வரி, அரங்குக்காரர்களின் பாதி, விளம்பரம் எல்லாம் போக டைல்ஸ்காரர் கையில் நின்றது முந்நூற்றறுபது. அதில் நாலில் ஒன்று தொண்ணூறு. சிக்கனம் வாங்கிப்போனது இருபத்தைந்து. தெரிந்தவர்கள் அவரைத் தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார்கள். இழவு கேட்க வந்தவர்கள் மாதிரி பேசாதீங்கப்பா, வீட்டுல எல்லாரும் சௌக்கியம் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. மச்சினன் மட்டும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

வருத்தப்பட்டாரா என்றால், அந்த அறுபத்தைந்து பங்கை நினைத்து அவர் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. தன் கையில் இல்லாத பணத்துக்காக வலிப்பது அவர் வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாமல் ஏன் வலிக்க வேண்டும்.

கூட்டம் குறையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பகல்காட்சிக்கு அவரும் மனைவியும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனார்கள். அவள் அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை. அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் முகத்தோடு கடைசிவரை பார்த்தாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எப்படி இருந்தது என்று அவர் கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் பெருசா சிரிப்பு வரல."

"பெருசா வரலைன்னா?"

"வரலைன்னா வரல. இதுல என்ன?"

அவர் நின்றுவிட்டார். இருபத்தைந்து வருஷத்தில் தெருவில் நின்று அவர் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை.

"பீரோ கைப்பிடி கழண்டு போச்சே, அந்த ஓட்டை வழியா அவன் விரல் மட்டும் வெளிய வந்து அண்ணனோட கையைத் தேடுதே. பேச்சே கிடையாது ரெண்டு பேருக்கும். இருந்தும் தேடுது. அண்ணன்காரன் அந்த விரலைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, விலையைச் சொல்றான். அதைப் பாத்துமா உனக்குச் சிரிப்பு வரல?"

நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்ட அன்னிக்குத் தெரியலைன்னு சொன்னீங்க."

பேருந்து வந்தது, ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, அந்தத் தம்பி பீரோவுக்குள் போகும்போது செருப்பை ஏன் வெளியே கழற்றிவிட்டுப் போனான் தெரியுமா என்று ஆரம்பித்தார். அவள் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, சொல்லுங்க என்றாள்.